பூருல் தடுமாறாமல் வாசித்த கடிதம்

பூருல் கடிதம் வாசிக்கிறாள் என்றால் மேய்ச்சல் மேட்டின் கூடாரங்களிலிருந்து பெண்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். பாதிப் பேர் போர்ச்செய்தி கேட்க, மீதிப் பேர் சிரிக்க.

கணவன் வீட்டார், அவன் உறவினர் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது. போர்முனையிலிருந்து சத்தார் எழுதி முக்கோணமாக மடித்து அனுப்பும் கடிதங்களிலோ முக்கால்வாசியும் பெயர்கள்தான். இவருக்கு சலாம், அவருக்கு சலாம். அங்கே எழுத்துத் தெரிந்தவள் அவன் மனைவி பூருல் ஒருத்திதான். ஒவ்வொரு பெயரிலும் சக்கரம் கல்லில் ஏறியதுபோல் அவள் குரல் நிற்கும்; ஒரு பட்டப்பெயரைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கும்.

"நெட்டைக் குதிரைக்காரருக்கு... சலாம். தும்மல்காரருக்கு..."

"ஏண்டி, என் வீட்டுக்காரர் உனக்குத் தும்மல்காரரா?" என்பாள் பக்கத்துக் கூடாரத்துத் தோத்துயா. "இரு, அவரையே கூட்டிட்டு வந்து உன் முன்னாடி தும்ம வைக்கிறேன்!"

கடைசியில் எப்போதும் "சீட்டியடிக்கிறவர் நலம்" என்று வரும். அது சத்தாரின் தம்பி இமாஷ். அதே படையில் இருந்தான். அந்த வரிக்காகவே மாமியார் குதிரைப்பால் கடைவதை மெதுவாக்குவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் வந்த கடிதத்தில் பூருலின் கண் வாயை முந்திக்கொண்டு ஓடியது. 'இமாஷை ஆற்றங்கரையில் புதைத்தோம்.'

மாமியார் காய்ச்சலில் கிடந்து எழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கூடாரத்தின் புகைத்துளை வழியே வெயில் வட்டமாக விழுந்து கம்பளத்தில் மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பூருல் வாசித்தாள்:

"சீட்டியடிக்கிறவர் நலம். இங்கே புல் நம்ம மேட்டுப் புல் மாதிரியே இடுப்பளவு. அதுல மல்லாந்து படுத்து சீட்டியடிக்கிறார். எதிர்க்கரையிலேர்ந்து ஒரு குயில் பதில் சொல்லுது. அது கூப்பிட்டா இவர், இவர் கூப்பிட்டா அது..."

அவளுக்கே அந்தச் சீட்டி கேட்டது. புல் அசைந்தது. பெண்கள் பெருமூச்சு விட்டபடி கலைந்தார்கள்.

மத்து நின்றிருந்தது.

"பூருல். நீ தடுமாறலையே."

"என்ன அத்தை?"

"ரெண்டு வருஷமா அவன் பேர் வர்ற இடத்துல தடுமாறுற. இன்னிக்கு ஓடைத்தண்ணி மாதிரி ஓடிட்ட." மாமியார் மத்தை விட்டுக் கடிதத்தருகே வந்தாள். "அவன் பேர் அதுல இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"எங்க?"

பூருல் அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். பாலில் நனைந்திருந்த விரல் அங்கேயே இருந்தது.

"படி. பட்டப்பேர் வேணாம்டி. என் புள்ளை பேரைச் சொல்லியே படி."

கல்யாணமாகி வந்த ஆறு வருடத்தில் ஒருமுறையும் சொல்லாத பெயர். பூருலின் குரல் வழக்கம்போல் நின்றது. தேட எதுவும் இல்லை.

"இமாஷை," என்றாள். பிறகு மீதியை வாசித்தாள்.

அதற்குப் பின் அந்த ஒரு பெயரை மட்டும் அவள் பெயராகவே சொன்னாள். தோத்துயாகூடச் சிரிக்கவில்லை.