மலைக்குப் போகும் வழியில் ஓர் உப்புக் குவியல்

வெயிலுக்கு முன் மலையேறிவிட வேண்டும் என்று கூனிமேட்டில் முதல் பஸ் பிடித்தேன். மணி ஒன்பதாகிறது. பஸ் இன்னும் மரக்காணம் உப்பளத்தின் நடுவே நிற்கிறது. இன்றைக்கு மாசி மகமாம். திண்டிவனம் பக்கத்துச் சாமிகளெல்லாம் டிராக்டரில் கடலில் குளிக்க வருகின்றன. யாரும் என்னிடம் சொல்லவில்லை.

எவ்வளவு தூரத்துக்கு நெரிசல் என்று பார்க்க இறங்கி, சாலையோர உப்புக் குவியலில் கால் வைக்கிறேன்.

“ஏம்பா, ஷூவோட ஏறுறியே, எறங்கு,” என்கிறார் கூடை சுமந்து வரும் அம்மா. “உப்பு மகாலட்சுமி. கழட்டிட்டு ஏறு.”

“மலையேற வாங்குன ஷூம்மா இது.”

“எந்த மலைக்கு?”

“திண்டிவனத்துக்கு அந்தாண்ட, முருகன் மலைக்கு.”

“அந்த முருகனும் இன்னிக்கு இங்கதான் வர்றாரு. காலி மலையில ஏறி இன்னா பண்ணப் போற?”

ஷூவைக் கழற்றுகிறேன். புது ஷூ கடித்த குதிகாலில் உப்பு சுரீரென்று எரிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உச்சிக்கு ஏறிப் பார்க்கிறேன்.

மற்ற சாமிகள் எல்லாம் பின்னால் வரிசையாகக் காத்திருக்க, மயில்மேல் அமர்ந்த முருகனின் டிராக்டர், பஞ்சராகி, சாலைக்குக் குறுக்கே நிற்கிறது.