ரோட்டுல சேர் போடுங்க

கிரேஸ் அக்கா போயிட்டாங்க. இன்னைக்குக் காலைல. காபி போட அடுப்படிக்குப் போனவங்க அப்படியே சரிஞ்சுட்டாங்க...

கரண்ட் ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட் நாங்க. ரிட்டயர் ஆன பிறகும் பாளையங்கோட்டையில ஒரே தெரு.

தெருக்காரங்களுக்கு அவங்க "காடு வளக்குற அம்மா". வீட்டை ஒட்டி அவங்க சொந்த மனை. வீடும் கட்டல, விக்கவும் இல்ல.

கார்த்திகை மழை பெஞ்சா போதும்... தும்பை வெள்ளையா, துத்தி மஞ்சளா, கொழுஞ்சி ஊதாவா அது பாட்டுக்குப் பூத்துக் கிடக்கும். யாரும் விதைக்கல, யாரும் தண்ணி ஊத்தல.

சாயங்காலம் ஆனா சிவப்பு பிளாஸ்டிக் சேரை இழுத்து நடுவுல போட்டு, டீ டம்ளரோட உக்காந்துருவாங்க.

ஒரு நாள் கேட்டுட்டேன். "இங்கன உக்காந்து என்னதான்க்கா பண்ணுதிய?"

"பாக்கேன்ளா. வேற என்ன?"

"தும்பை சளிக்கு நல்லதாம்க்கா..."

"எனக்குச் சளி இல்ல. பூத்திருக்கு, நல்லாருக்கு, பாக்கேன். எல்லாம் எதுக்காவது ஆவணுமாக்கும்?"

போன வருஷம் தெரு சங்கத்துல இருந்து களைக்கொல்லி அடிக்க ஆள் அனுப்புனாங்க. பாம்பு வந்துருமாம்.

அக்கா நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு வெளிய வந்தாங்க. "பாம்பு வந்தா எங்கிட்டச் சொல்லு, நான் பேசிக்கிடுதேன். நீ மருந்தைத் தூக்கிட்டுக் கெளம்புலே."

வந்தவனுக்கே சிரிப்பு வந்துட்டு. போயிட்டான்.

இன்னைக்கு விஷயம் கேள்விப்பட்டு ஓடிப் போறேன்... மனையில ரெண்டு பேர் மண்வெட்டியோட நிக்காங்க. ஒரு மூலையில தும்பை வெட்டுப்பட்டுக் கிடக்கு.

சாவு வீடுல்லா, சாமியானா போடணும், சேர் போடணும், அதுக்கு இடத்தைச் சுத்தம் பண்ணுதாங்களாம். பூ என்ன அழுக்கா? அப்படி ஒரு கோவம் வந்துச்சு எனக்கு. அழுகைகூட அப்புறம்தான் வந்துச்சு.

அக்காவோட சிவப்பு சேர் சுவரோரமா இருந்துச்சு. எடுத்து அதே இடத்துல போட்டு உக்காந்துட்டேன்.

சங்கத்து செயலாளர் வந்தார். "எம்மா, சாவு வீட்டுல வம்பு பண்ணாதிய. வாற சனம் எங்க உக்காரும்?"

"ரோட்டுல சேர் போடுங்க அண்ணாச்சி. வண்டியெல்லாம் இன்னைக்கும் நாளைக்கும் சுத்திப் போவட்டும்."

"அக்காவுக்காகத்தானம்மா செய்யுதோம்..."

"அக்காவுக்காகத்தான் நானும் உக்காந்திருக்கேன்."

என்னை முறைச்சார். பிறகு சாமியானாக்காரரைக் கூப்பிட்டு ரோட்டைக் காட்டினார்.

நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். அக்கா மகன் சென்னையில இருந்து வந்துக்கிட்டு இருக்கான். முடிஞ்சதும் மனையை என்ன பண்ணன்னு பேச்சு வரும்... வரட்டும். அவங்கிட்டயும் பேசத்தான் போறேன்.

மாலை கொண்டு வாறவங்க கடையில வாங்கிட்டு வாங்க. இங்கன ஒரு பூவை யாரும் பறிக்கக் கூடாது. குழியில மண்ணள்ளிப் போடும்போது சேத்துப் போடன்னு கேட்டாலும் கிடையாது. அக்காவே உயிரோட இருந்தவரைக்கும் ஒண்ணு பறிச்சதில்ல.

போயிட்டு வாங்கக்கா.

உங்க சேர்ல உக்காந்துதான் டைப் பண்ணுதேன். துத்தி இப்பதான் விரியுது... பாக்கேன்.