ஒருவரிடம் மட்டும் கேட்டேன்

கோவில்பட்டி அருகே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆசிரியர்களின் மனநலம், மத நம்பிக்கை, பண்பாடு பற்றி எங்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. ஏற்பாடு என் பொறுப்பு.

நோன்பு மாதம் என்பதால் கணக்கு ஆசிரியை பாத்திமாவிடம் முந்தின நாளே பேசினேன். அவருக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டேன். நின்றுகொண்டு செய்யும் பயிற்சி அவருக்கு வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் சொல்லியும் வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. தமிழ் ஆசிரியை செல்வியின் டீ தொடப்படாமல் ஆறிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் எங்களை நிற்க வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள்.

"செல்வி டீச்சரப் பிடிங்க, அவிய சாயுதாவ!"

பாத்திமாவின் குரல். கண்ணைத் திறந்தபோது அவரே ஓடிவந்து செல்வியைத் தாங்கியிருந்தார். செல்வியின் தலைக்கு ஒரு சாண் தள்ளி பெஞ்சின் இரும்பு முனை.

செல்விக்கு அன்று கிருத்திகை விரதம். தெளிந்ததும், "ஏன் சொல்லலை?" என்றேன்.

"நீங்க கேக்கலையே, டீச்சர்."

பாத்திமா சிரித்தார். "நானும் வெறும் வயித்தோடதான இருக்கேன். அந்த முகம் எனக்குத் தெரியும்லா."

இப்போது எந்தப் பயிற்சியானாலும், தொடங்குமுன் யாருக்கு விரதம் என்று எல்லோரிடமும் பொதுவாகக் கேட்கிறேன். போன முறை நான்கு பேர் கை தூக்கினார்கள். அது நோன்பு மாதம் இல்லை என்பதால் அதில் பாத்திமா இல்லை.