கண்ணாடிக்கும் களிமண்ணுக்கும் இடையில்

2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. அன்று எங்கள் ஊர் மன்றத்தின் செயலாளர் கிளைவ், தமக்குச் சொந்தமில்லாத ஒரு விளக்கை, உரியவரைக் கேளாமல் விற்றுவிட்டார். என் புகார் இதுதான். இனி எழுதுவது கற்பனையன்று. பிள்ளைகளின் பொய்களைத் திருத்தியே ஓய்வுபெற்ற எனக்குப் பொய் சொல்லத் தேவையில்லை.

முந்திய நாள், ஹியுவான் ஆற்றங்கரையிலுள்ள மன்றத்தில் குளிர்கால விளக்குகள் செய்தோம்; பூமியின் தென்பாதியில் வாழும் எங்களுக்கு ஜூனில்தான் குளிர்காலம். கண்ணாடிக் குப்பியின் மேல் பாலிமர் களிமண்ணை ஒட்டி, இலையும் பிறையுமாகச் சன்னல்கள் வெட்டி, ஓவனில் சுட வேண்டும். அவ்வாண்டில் யாரையேனும் இழந்தவர்கள், அதனுள் மெழுகுவத்தி ஏற்றிப் படகுத்துறையில் வைப்பது எங்கள் வழக்கம்.

தெல்மா நீலக் களிமண்ணில் ஒன்று செய்தார். அவருடைய கணவர் ரெக்ஸ், ஏப்ரலில் சிப்பி எடுக்க மூழ்கியவர், மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தெல்மாவுக்கு அவ்விளக்கே கல்லறை.

கடைசியாக ஓவனுக்குள் போனது அதுதான்.

"வாத்தியாரே, கோழிங்கள அடைச்சிட்டு வந்துடறேன். ஆறுறதுக்குள்ள ஓவனத் தொறந்துடாதீங்க. கண்ணாடி வெடிச்சிரும்."

"எனக்கே பாடமா?"

"ரெக்ஸும் இப்படித்தான் பேசுவாரு. ரெண்டு குப்பி போச்சு!"

மாலை நான்கரை. ஓவனை அணைத்தேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மன்றத்தில் நான் மட்டும்.

டிக்... டிக்... கண்ணாடி ஆறும் ஓசை. இயல்புதான்.

நான்கு நாற்பது.

டொக்.

இது கண்ணாடியன்று. விரல் கணுவால் தட்டும் ஓசை. ஓவனுக்குள்ளிருந்து.

டொக்... டொக்...

சுட்ட களிமண்ணின் நெடி மறைந்தது. ஆற்றுச் சேற்றின் நாற்றம் எழுந்தது. ஓவன் கதவின் அடியில் தண்ணீர் சொட்டியது.

திறந்தேன்.

வெப்பம் முகத்தில் அறைந்தது. குப்பி மட்டும்... பனிக்கட்டி.

தூக்கி உள்ளே பார்த்தேன். களிமண்ணில், கண்ணாடியோடு ஒட்டிய பக்கத்தில், நான்கு விரல் தடங்கள். உள்ளிருந்து வெளியே அழுத்தியவை. கண்ணாடியில் ஒரு கீறலுமில்லை.

சுட்டுவிரல்... பாதிதான்.

திரும்பி வந்த தெல்மா நெடுநேரம் பார்த்தார்.

"ரெக்ஸுக்குப் படகுச் சங்கிலியில பாதி போன விரல்," என்றார். "இன்னிக்கி இது இங்கயே இருக்கட்டும், வாத்தியாரே. வீட்டுக்குக் கொண்டுபோக எனக்குத் தைரியமில்ல."

மறுநாள் காலையில் நான் போனபோது, விளக்கை வைத்திருந்த அலமாரி வெறுமையாக இருந்தது.

"விரல் பட்டதெல்லாம் பழுதுப் பெட்டிக்குத்தான? எப்பவும் அப்படித்தான மலிவா விக்கிறோம்!" என்றார் கிளைவ். யாரோ வழிப்போக்கர் வாங்கிப் போனாராம். நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "ஏன் வாத்தியாரே, பேய்க்கும் இலக்கணம் நடத்துனீங்களா?"

அன்று மாலை காவலர் வந்தார். ரெக்ஸ் கிடைத்துவிட்டார். சனிக்கிழமை, நான்கு நாற்பதுக்கு, முகத்துவாரத்தில் ஒரு மீன்வலையில். இரண்டு மாதம் நீரில் கிடந்த உடல்.

வலக்கை நகங்களுக்குள் நீலக் களிமண் இருந்தது.

சுடாதது. இன்னும் மிருதுவானது.

அவ்விளக்கின்றி அவரைப் புதைக்கத் தெல்மா ஒப்பவில்லை. ரெக்ஸ் இன்னும் பிணவறையில் கிடக்கிறார்.

அதை வாங்கிச் சென்றவர் இதைப் படிக்கும் நீங்களாக இருக்கலாம். உங்கள் வீட்டில் நீல விளக்கு இருந்தால், உள்ளே பாருங்கள். அதை ஏற்றாதீர்கள். இன்றே தெல்மாவிடம் கொண்டுவந்து கொடுங்கள்.