நான் ஓட்டிவிடாத காட்சி

ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஷாலினி, "கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்கம்மா" என்று கெஞ்சியதால், ஞாயிறன்று ஹெப்பகோடியில் எங்கள் வீட்டில் அவளோடு உட்கார்ந்து ஒரு ஜாம்பி படம் பார்த்தேன். இந்த வயதுக்கு ரத்தமும் குடலும் ஆகாதே என்று, அவை வரும்போதெல்லாம் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு. ஜாம்பி கடித்ததால் தானும் ஜாம்பியாகப் போகும் மகனைத் தாயே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும் இடத்தில் ரத்தம் இல்லை, அதனால் ஓட்டாமல் விட்டுவிட்டேன்.

படம் முடிந்ததும் ஷாலினி கண்கலங்கக் கேட்டாள்: "என்னைக் கடிச்சாலும் கதவ சாத்திடுவியாம்மா?"

"போடி லூசு! நானும் உன்கூடவே வெளிய வந்துடுவேன்."

என் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

இப்போதெல்லாம் படம் பார்க்கும்போது என் ஒரு கையில் ரிமோட், மறு கையில் அவள் கை. அந்தக் கை எங்கே இறுகுகிறதோ, அங்கேதான் படத்தை நிறுத்துகிறேன்.