ஹெட்டருக்குள் போகாத விவரம்

அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் நான் மறுபடி ஒழுங்காக அலுவலகம் போகத் தொடங்கினேன். பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் கடைசி நாட்கள் கழிந்தன. அம்மாவை வாணியம்பாடியில் தனியாக விட மனம் வரவில்லை. பெங்களூர் ராமமூர்த்தி நகரில் நான் ஒற்றை ஆளாக இருந்த வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன்.

என் வேலையை வீட்டில் யாருக்கும் நான் சரியாகச் சொன்னதில்லை. நோயாளியின் விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்களே, அதிலிருந்து வரும் ஒளியின் அளவைக் கணக்கிட்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம், நாடித்துடிப்பு எத்தனை என்று சொல்லும் நிரல் தொகுப்பு ஒன்றை, லைப்ரரி என்போம், எங்கள் குழு C மொழியில் எழுதிப் பராமரிக்கிறது. மானிட்டரை நாங்கள் செய்வதில்லை. செய்கிற நிறுவனங்கள் எங்கள் லைப்ரரியையும், அதைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லும் ஹெட்டர் கோப்பையும் வாங்கித் தங்கள் நிரலோடு சேர்த்துக்கொள்கின்றன. அப்பாவின் கட்டில் அருகே இருந்த மானிட்டர் வேறு யாரோ செய்தது. அந்த நிலைமையிலும் குனிந்து அதன் பெயர்ப்பலகையைப் படித்திருந்தேன்.

வேலைக்குத் திரும்பிய சில நாட்களில் நகரின் தொழிற்பேட்டைப் பகுதியான பீன்யாவிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் லைப்ரரியை வைத்து மானிட்டர் செய்யும் சின்ன நிறுவனம் அது. புதிதாக ஒரு மலிவான மாடலைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆக்சிஜன் அளவு தப்பாக வருகிறது என்றார்கள். நானும் என் குழுவில் இருக்கும் தோழியும் மெட்ரோவில் கிளம்பினோம். அவள் இங்கேயே ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். தமிழிலிருந்து கன்னடத்துக்கு எப்போது மாறினாள் என்று அவளுக்கே தெரியாது.

பீன்யாவில் எங்களுக்காகக் காத்திருந்த இன்ஜினியர் தர்மபுரிப் பக்கத்து ஆள். மாடியில், சோதனை மேஜையில், கிளிப்பைத் தன் விரலிலேயே மாட்டிக் காட்டினார். திரையில் ஆக்சிஜன் எழுபத்து நான்கு என்று வந்து அலாரம் அடித்தது. நாடித்துடிப்பு வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

"எழுபத்தி நாலுன்னா நான் இந்நேரம் படுத்துட்டு இருக்கணும் சார். காலையில இருந்து நல்லாத்தான் இருக்கேன்," என்று சிரித்தார்.

சென்சரைச் சந்தேகப்பட்டோம். கேபிளை மாற்றினோம். ஒன்றும் மாறவில்லை. இதற்கிடையில் கீழே யாரோ கூப்பிட, அவர் படியிறங்கிப் போய், வேகமாக ஏறி வந்து, மூச்சிரைக்க மறுபடி கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்று ஆறு. அலாரம் நின்றது.

"இப்ப சரியாயிடுச்சு மேடம்!" என்றார் அவர்.

என் தோழி சிரிக்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து, கைபேசிக் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணினாள். எண்ணி முடித்ததும் என்னைப் பார்த்தாள்.

"ஸ்வல்ப இங்க வா. அது ஆக்சிஜன் இல்லப்பா. இவரோட பல்ஸ்."

அதற்குப் பிறகு காரணத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. எங்கள் லைப்ரரி தன் அளவுகளை வரிசையாக அடுக்கிக் கொடுக்கும். முதலில் ரத்த ஓட்டத்தின் வலிமை, அடுத்து ஆக்சிஜன், அடுத்து நாடி. முதலாவது, வேண்டுமானால் மட்டும் சேர்த்துக்கொள்ளும் வசதி. மலிவான மாடலுக்கு அது வேண்டாம் என்று அவர்களே கேட்டிருந்தார்கள். அதை நீக்கி லைப்ரரியைத் தொகுத்து, அதாவது பில்ட் செய்து, அனுப்பியிருந்தோம். ஆனால் நீக்கிவிட்டோம் என்ற விவரம் எங்கள் பில்ட் அமைப்புக் கோப்பில்தான் இருந்தது. அவர்களுக்குப் போன ஹெட்டரில், அந்த வசதி உண்டா இல்லையா என்று கேட்கும் வரி மட்டும் இருந்தது. பதில் அவர்கள் நிரலில் இருந்தது: பழைய மாடலுக்கு எழுதிய "உண்டு". லைப்ரரி இரண்டு எண்களை அடுக்கியது, அவர்கள் நிரல் மூன்று இருப்பதாக நினைத்துப் படித்தது. எல்லாம் ஓரிடம் தள்ளி விழுந்தன.

நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குச் சொல்ல வழியும் இல்லை. வசதியை நீக்கியிருக்கிறோம், உங்கள் பக்கத்திலும் நீக்குங்கள் என்று குறிப்பு அனுப்பியிருந்தோம். அதைப் படித்த அவர்கள் ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார்.

திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். ஆரோக்கியமான ஆளுக்கு அலாரம் அடித்ததால் பிழை மாட்டிக்கொண்டது. மூச்சு முட்டுகிற ஆளாக இருந்தால்? ஆக்சிஜன் இறங்க இறங்க இதயம் வேகமாக அடிக்கும். அந்த வேகம் ஆக்சிஜன் என்ற பெயரில் திரையில் ஏறும். தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று ஏழு. நாடி வரவில்லையே என்று கிளிப்பைச் சரிசெய்வார்கள். ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவன் அதை நம்புவான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா தட்டைப் பார்த்தார்.

"என்னடா, பெசஞ்சுட்டே இருக்க. ஆபீஸ்ல ஏதாவதா?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், அந்த இன்ஜினியர் படியேறியது வரை. அம்மா சாதக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு மாட்டியிருந்தாங்களே, அது சரியாத்தான் காட்டுச்சா?"

"அது வேற கம்பெனிம்மா. எங்களோடது இல்ல."

"சரியாத்தான் காட்டுச்சா?"

"ஆமாம்மா. சரியாத்தான்."

அந்த மானிட்டரைச் சந்தேகிக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. அப்பாவின் நுரையீரலைப் பற்றி மருத்துவர்கள் சொன்னது எதையும் அந்த எண் பொய்யாக்கவில்லை. ஆனால் அதன் உள்ளே எந்த ஹெட்டர் எந்த லைப்ரரியோடு சேர்ந்திருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா மோர் ஊற்றினார்.

மறுநாள் கூட்டத்தில், குறிப்பில் அந்த வரியைக் கொட்டை எழுத்தில் போட்டால் போதாதா என்றார் மேலாளர். நான் பேச வாயெடுப்பதற்குள் தோழி பேசினாள்.

"படிச்சவங்க வேலைய விட்டுப் போயிட்டா கொட்டை எழுத்து என்ன பண்ணும்? நாமதான் லைப்ரரிய பில்ட் பண்றோம். என்ன போட்டோம், என்ன எடுத்தோம்னு நமக்குத்தான் தெரியும். அத ஹெட்டரே சொல்லட்டும். அவங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்?"

மேலாளர் ஒப்புக்கொண்டார். நான் அவசரப்பட்டேன். எங்கள் அமைப்புக் கோப்பை அப்படியே ஹெட்டரோடு சேர்த்துப் பீன்யாவுக்கு அனுப்பினேன். அவர்கள் நிரல் கம்பைலே ஆகவில்லை. எங்கள் குழுவுக்குள் புழங்க நாங்கள் வைத்த பெயர்களையே அவர்களும் தங்கள் கோப்பில் வைத்திருந்தார்கள். இரண்டும் முட்டிக்கொண்டன. தர்மபுரிக்காரர் தொலைபேசியில், "சார், உங்க வீட்டு சாமானெல்லாம் எங்க ஹால்ல வந்து இறங்கியிருக்கு," என்றார்.

பிறகு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு விவரமாகப் பிரித்தோம். எங்களுக்குள் மட்டும் வேண்டியவை எங்களிடமே நின்றன. வெளியே போகும் அடுக்கின் வடிவத்தை மாற்றுபவை மட்டும், முன்னால் லைப்ரரியின் பெயரைச் சேர்த்துக்கொண்டு, புதிய சிறு ஹெட்டர் ஒன்றுக்குப் போயின. அதைக் கையால் எழுதுவதில்லை. இடம் விட்ட மாதிரிக் கோப்பு ஒன்று இருக்கிறது. பில்ட் ஓடும்போது அந்த இடங்களில் உண்டு, இல்லை என்று தானே நிரப்பி, லைப்ரரியோடு சேர்த்துக் கட்டிவிடும். பழைய வழியில் யாராவது தாங்களே பதில் எழுதியிருந்தால் கம்பைலர் அங்கேயே நின்று காரணம் சொல்லும். அதோடு, நிரல் தொடங்கும்போது இரு பக்கமும் தங்கள் அடுக்கின் அளவை ஒப்பிடும். ஒத்துவரவில்லை என்றால் லைப்ரரி வேலை செய்ய மறுத்துவிடும். தப்பான எண்ணைக் காட்டுவதைவிட எதையும் காட்டாமல் இருப்பது மேல் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மேலாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தார் என்று தோழி பின்னால் சொன்னாள்.

பீன்யாவில் மறுபடி சோதித்தோம். அந்த இன்ஜினியர் உட்கார்ந்திருந்தபோதும் தொண்ணூற்று எட்டு, படியேறி வந்தபோதும் தொண்ணூற்று எட்டு. நாடி தன் இடத்தில் ஏறி இறங்கியது. யாரும் கைதட்டவில்லை. காபி வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த மெஷினச் சரி பண்ணிட்டோம்மா."

"நல்லது."

"அன்னைக்கு ஏம்மா அப்படிக் கேட்ட? ஆஸ்பத்திரி மேல ஏதாவது சந்தேகமா?"

அம்மா நிமிரவில்லை. பழுத்த இலைகளைக் கிள்ளித் தனியே வைத்தார்.

"எனக்கு என்னடா சந்தேகம். நான் அந்த மெஷினப் பாக்கவே இல்லையே. நீதான் கடைசி வரைக்கும் கண்ண எடுக்காம அதையே பாத்துட்டு இருந்த. அது தப்பாக் காட்டியிருக்குமோன்னு உன் மனசுல ஏதும் ஓடுதான்னுதான் கேட்டேன்."

நானும் ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டு, "நீ எதப் பாத்துட்டு இருந்த?" என்று கேட்டேன்.

"அவரு கால் ரெண்டும் ஜில்லுனு ஆயிடுச்சு. போர்வைக்குள்ள கைய விட்டுத் தேச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு தடவ பாதத்த இழுத்துக்கிட்டாரு. கூச்சம். கல்யாணம் ஆனதுலேர்ந்தே உள்ளங்கால் தொட்டா ஆகாது அவருக்கு."

அப்பாவுக்கு உள்ளங்கால் கூசும் என்பது எனக்குத் தெரியாது. அதே அறையில், அதே கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தும் அவர் காலை இழுத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. அந்தக் கடைசி மணி நேரத்தைப் பற்றி அதுவரை நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

"அப்புறம்?" என்றேன்.

அம்மா கீரைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.