கூப்பிட ஆளில்லாத வாசல்

விதிப்படி, நுழைவுச்சீட்டு உள்ள எவரும் துபாயின் பழைய துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்கலாம். கப்பல் பயணிகளுக்கு நான் வழிகாட்டியாகப் போன சுற்றுலாப் பேருந்தில் வந்த நியூசிலாந்து மாவோரிப் பழங்குடி அம்மாள் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார். தாடையில் பச்சை குத்தியிருந்தார். அந்தத் துறைமுகத்தில் முக்குளிக்கும் வேலையில் இறந்த மகனின் படத்தை மார்போடு அணைத்திருந்தார். அந்த மண்ணின் பெண் ஒருத்தி குரல்கொடுத்து அழைக்காமல் உள்ளே போவது அவர்கள் வழக்கமில்லையாம்.

"யாரையாவது கூப்பிடச் சொல்லுப்பா" என்றேன் ஓட்டுநரிடம்.

"நான் கீழக்கரை சார். வாட்ச்மேன் பெஷாவர், டிக்கெட் குடுக்குற பொண்ணு மணிலா. இந்த ஊர்க்காரங்களுக்கு நான் எங்க போவேன்?"

உரிய அலுவலகத்துக்கு முறைப்படி ஃபேக்ஸ் அனுப்பினேன். அம்மாள் மாலைவரை வெயிலில் நின்றார். நான் போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. அன்று புதன்கிழமை; இரவு அவரை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்டது. அழைக்க ஒரு பெண்ணை அனுப்ப இசைந்து பதில் வந்தது, சனிக்கிழமை.